சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய ஞாயிறுகள்

அப்பாவைச் சேர்த்திருக்கும் இல்லம் முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. குறிஞ்சிப்பாடியைத் தாண்டி வடலூர் போகிற ரோட்டில், ஒரு முந்திரித் தோப்புக்கு முன்னால் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் ஏ.சி. மண்டபங்கள் வந்த பிறகு இதைத் தேடி யாரும் வரவில்லையாம். மண்டபத்தின் சொந்தக்காரப் பெண்மணி யோசித்துப் பார்த்து, சுவருக்கு வெள்ளை அடித்து, கட்டில்கள் வாங்கிப் போட்டு, முதியோர் இல்லமாக மாற்றிவிட்டார். வெள்ளை அடித்தவர்கள் கதவு நிலைகளுக்கு மேலே இருந்த எழுத்துகளை மட்டும் விட்டுவிட்டார்கள். அதனால் அப்பாவுக்குக் கிடைத்த அறையின் மேல் 'மணமகன் அறை' என்று இன்றும் சிவப்புப் பெயிண்டில் இருக்கிறது. முதல் நாள் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கணவர் முறைத்தார்.

அப்பா சிதம்பரத்தில் லைட் செட், மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னக் கடை. அதை ஒட்டி அவரே கட்டிய வீடு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு, எதுவானாலும் வண்டியில் ஒயரையும் ட்யூப் லைட்டையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். பென்ஷன் கிடையாது. பேங்கில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் கிடையாது. கோபம் மட்டும் நிறைய உண்டு. அதில் பாதி எனக்கு வந்திருக்கிறது. அம்மா இறந்த மறு வருஷம் மறதி ஆரம்பித்தது. முதலில் கடைச் சாவியை வைத்த இடத்தை மறந்தார். பிறகு கடையை விற்றுவிட்டதையே மறந்தார். ஒரு நாள் தெருவில் யார் வீட்டிலோ போய் உட்கார்ந்துகொண்டு, காபி ஏன் இன்னும் வரவில்லை என்று சத்தம் போட்டார். நான் போய்க் கடலூருக்கு அழைத்து வந்துவிட்டேன்.

கடலூரில் நாங்கள் இருப்பது மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடிப் போர்ஷன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவருக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தோம். அவள் திருட வந்தவள் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். விரட்டிய விரட்டில் அவள் சம்பளம்கூடக் கேட்காமல் வேலையிலிருந்து நின்றுகொண்டாள். அப்புறம் ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், வாசலில் கூட்டம். அப்பா கீழ்வீட்டு மீட்டர் பாக்ஸைத் திறந்து, ஃபியூஸ்களைப் பிடுங்கித் தரையில் வரிசையாக அடுக்கிவிட்டு, ஒயரைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். கிட்டே போனவர்களை, "லைன்ல கரண்ட் இருக்குது, தள்ளிப் போங்கடா" என்று அதட்டுகிறார். லைனில் கரண்ட் இருந்தது என்பதுதான் விஷயம்.

ஹவுஸ் ஓனர் மரியாதையான மனிதர். "டீச்சர், எங்களுக்குப் பயமா இருக்குது. ஒண்ணு அவர வேற எங்கியாவது வையுங்க, இல்லாட்டி நீங்க வேற வூடு பாத்துக்குங்க" என்று கைகூப்பிச் சொன்னார். கோபித்துக்கொள்ளக்கூட அவர் இடம் தரவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஹோம்லயா? ஊருல யாராவது கேட்டா என்னாக்கா சொல்றது?"

"அப்ப நீ வந்து வச்சிப் பாத்துக்கறியா?"

"கேரளாவுல வைத்தியத்துக்கு சேத்துருக்கோம்னு சொல்லிடு" என்றான்.

அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம். எங்கள் சொந்தபந்தத்துக்கு இன்றுவரை அப்பா கேரளாவில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார். வரும்போது முட்டி வலிக்கு ஒரு பாட்டில் தைலம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார் ஒரு சித்தி.

இடம் தேடி அலைந்ததைத் தனிக்கதையாகவே எழுதலாம். புதுச்சேரியில் பார்த்த இடம் ஹோட்டல் மாதிரி இருந்தது; கட்டணமும் அப்படியே. மேல்பட்டாம்பாக்கம் பக்கம் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அப்பாவின் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "படுக்கையா, நடக்கறாரா?" என்று கேட்டார். நடக்கிறார் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "படுத்துட்டவங்கன்னா கம்மிதான் மேடம். நடக்கறவங்களுக்குத்தான் ஜாஸ்தி. ஆள் போட்டுப் பாத்துக்கணும் இல்ல?" என்றார். மனிதன் நடமாடுவதற்கு அபராதம் கட்டும் இடங்கள் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கடைசியில் இந்த மண்டபம்தான் கட்டுப்படியானது. முன்பணத்தைத் தம்பி அனுப்பினான். மாதக் கட்டணத்துக்குச் சிதம்பரம் வீட்டை வாடகைக்கு விட்டோம். டயபர், மாத்திரை, முடிவெட்டு எல்லாம் தனி. அது என் சம்பளத்தில். வாடகை வந்தால்தான் அப்பாவுக்கு அங்கே கட்டில். அப்பா தன் வீட்டுக்குத் திரும்பிப் போனால் வாடகை கிடையாது. இதை எந்தப் பக்கமிருந்து போட்டுப் பார்த்தாலும் விடை மாறவில்லை, நான் கணக்கு டீச்சர் என்பதால் பல தடவை போட்டுப் பார்த்தேன்.

சேர்த்த அன்றே இல்லத்தை நடத்தும் பெண்மணி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார். எல்லாரும் அவரை மேடம் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

"ஞாயித்துக்கெழம மட்டுந்தான் பாக்க வரணும். கெளம்பும்போது மட்டும் சொல்லிக்காதீங்க. சொன்னீங்கன்னா பின்னாலயே வருவாங்க, அழுவாங்க, ராத்திரி பூரா எங்களுக்குத் தூக்கம் கெடையாது. சாயங்காலம் பின்னாடி ஹால்ல டிஃபனுக்கு ஒக்கார வைப்போம். அந்த நேரம் பாத்து அப்படியே கெளம்பிடுங்க."

சரி என்றேன். நியாயமாகத்தான் பட்டது. எல்.கே.ஜி. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் தாய்மார்களுக்கு நானே இதைச் சொல்லியிருக்கிறேன்.

மதியம் போய்விட்டால் சாயங்காலம் வரை இருக்கலாம். கல்யாணக் கூட்டம் உட்கார வேண்டிய பெரிய ஹாலில், சுவரோரமாக பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். பார்க்க வந்தவர்கள் அதில் உட்கார்வோம். பேச என்ன இருக்கிறது? சாப்பிட்டீங்களா என்று கேட்டால் ஒரு நாள் ஆச்சு என்பார், ஒரு நாள் இல்லை என்பார். மணமகள் அறையில் படுத்த படுக்கையான பெண்கள். அவர்களில் ஒருவர் ஓயாமல் அழுதுகொண்டிருப்பார். குறிஞ்சிப்பாடி மெஸ்ஸிலிருந்து டிஃபன் பெரிய அடுக்குகளில் ஆட்டோவில் வந்து இறங்கும். அப்பாவையும் மற்றவர்களையும் பின்னால் கூட்டிப் போவார்கள். உடனே நாங்கள் எழுந்துவிடுவோம். நாற்காலி கிறீச்சிடாமல் தூக்கி வைப்போம். சிலர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்ப் போட்டுக்கொள்வார்கள். பஸ் ஸ்டாப்பில் எல்லாரும் ஒன்றாகத்தான் நிற்போம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

முதல் சில வாரங்களுக்குள்ளேயே அங்கே வேலை பார்க்கும் பெண் போன் செய்தாள்.

"அக்கா, நீங்க போனதும் அப்பா தண்ணிய எடுத்துத் தலைல ஊத்திக்கறாருக்கா. வேட்டி சட்டையோட. சொட்டச் சொட்ட நிக்கறாரு. தொவட்டவும் வுட மாட்டேங்கறாரு."

புழுக்கமாக இருந்திருக்கும் என்றேன். அடுத்த ஞாயிறும் அதே போன். அதற்கடுத்த ஞாயிறும். மற்ற நாட்களில் கையைப் பிடித்து இழுத்துப் போனால்தான் குளிக்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை மட்டும், நாங்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, தட்டில் வைத்த இட்லியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார். குளியலறையைப் பூட்டிப் பார்த்தார்கள். கொல்லைப்புறம் பாத்திரம் கழுவுகிற குழாயடிக்குப் போய் வாளியைத் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டார். கையைப் பிடித்தவளைத் தள்ளிவிட்டார்.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்ட பிறகு அப்பாவின் வாயோரம் எச்சில் வழிந்தது. நான் பேசினால் கண் என் பக்கம் திரும்பவே நேரம் எடுத்தது. மைக்கில் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று தெருவையே எழுப்பிய குரல், தண்ணீர் கேட்பதற்குக்கூட வரவில்லை. ஆனாலும் ஞாயிறு சாயங்காலம், அத்தனை மயக்கத்திலும், சுவரைப் பிடித்துப் பிடித்துக் குழாயடிக்குப் போனாராம். அங்கே போகாமல் அவரால் இருக்க முடியவில்லை என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. அப்பாவுக்கு மட்டும் யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்புகிற மாதிரி இருந்தது.

மார்கழிக் குளிரில் அது காய்ச்சலில் கொண்டுபோய் விட்டது. நெஞ்சில் சளி. மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஈரத்துல வழுக்கி விழுந்தார்னா நாளைக்கு எம்பேர்லதான் சொல்லுவீங்க. ஒண்ணு, அவருக்குன்னு தனியா ஒரு ஆள் போட்டுக்குங்க. இல்லன்னா இந்த மாசத்தோட கூட்டிட்டுப் போயிடுங்க."

தனி ஆள் என்றால் இன்னொரு மடங்கு கட்டணம். தம்பியிடம் சொன்னேன். "என்னால அவ்ளோதான்க்கா முடியும்" என்றான்; அவன் பொய் சொல்கிறவன் இல்லை. வேறு இடம் தேடினால் இந்த வாடகைக்குக் கிடைக்காது. கிடைத்தாலும், தண்ணீர் ஊற்றிக்கொள்கிற ஆளை யார் வைத்துக்கொள்வார்கள்? திரும்பக் கடலூருக்குக் கூட்டி வந்தால் மீட்டர் பாக்ஸ். மாதக் கடைசிக்குள் இதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும். வகுப்பில் போர்டில் கணக்கைப் போட்டுவிட்டு அடுத்த வரி என்ன என்று தெரியாமல் சாக்பீஸோடு நின்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்த வாரக் கடைசியிலும் போனேன், வழக்கம்போல் நழுவினேன், பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்ததும் வராததுமாகக் குளியலறைக்குப் போய்விடுவேன். அந்த இடத்தின் டெட்டால் வாடையும் மூத்திர வாடையும் புடவையில் ஒட்டிக்கொண்டு வருவதாகத் தோன்றும். கைப்பையைக்கூட வெளியிலேயே வைத்துவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவேன். அன்றைக்குக் கணவருக்கு லீவு. வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "என்னா, எழவு வூட்டுக்குப் போயிட்டு வந்தவ மாதிரி நேரா குளிக்க ஓடற?" என்றார்.

கேலியாகத்தான் கேட்டார். நான் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

நான் மூன்றாவதோ நாலாவதோ படித்த காலம். தெருவில் ஒரு சாவு. அப்பா அங்கே லைட் கட்டப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். வேலை முடிந்து கிளம்பும்போது, வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அத்தையிடம், நல்ல பிள்ளையாக, "போயிட்டு வரேன் அத்தை" என்றேன். நடுமண்டையில் ஒரு குட்டு விழுந்தது. அத்தனை பேர் பார்க்கக் குட்டினார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். "சாவு வூட்டுல போயிட்டு வரேன்னு சொல்லுவியா? மறுபடியும் இதே மாதிரி வரணும்னு ஆயிடாது? சொல்லாம கொள்ளாம எந்திரிச்சி வந்துடணும்." வீட்டுக்கு வந்ததும் அவர் வாசற்படி ஏறவில்லை. கொல்லைப் பக்கமாகச் சுற்றிப் போய்க் கிணற்றடியில் நின்றார். அம்மா வாளி வாளியாக இறைத்து, சட்டை வேட்டியோடு அவர் தலையில் ஊற்றினாள். எனக்கும் ஊற்றினாள்.

என் கணவர் பாலிஷ் பிரஷ்ஷோடு எழுந்து வந்துவிட்டார். "என்னா ஆச்சு? மாமாவுக்கு ஏதாவதா?" என்று கேட்டார். அன்று நான் குளிக்காமலே உள்ளே போனேன்.

அடுத்த ஞாயிறு அப்பாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மாத்திரையில் கண் பாதி மூடியிருந்தது. தோளில் கிடக்க வேண்டிய துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்திருந்தார். கைகளைக் கட்டியிருந்தார். ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார், நான் குளிருக்காக என்று நினைத்திருக்கிறேன்.

"அப்பா, இது என்னா எடம்ப்பா?"

"மெதுவா பேசு." சுற்றும் முற்றும் பார்த்தார். "இன்னும் எடுக்கல."

"யாருப்பா செத்தது?"

"அதான் தெரியல. கேட்டா இந்தப் பொண்ணுங்க சிரிக்குதுங்க."

"இது கல்யாண மண்டபம்ப்பா. கல்யாணமா இருக்கக் கூடாதா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் மாத்திரை மயக்கமெல்லாம் போய், பழைய கடைக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். "கல்யாணம்னா சீரியல் லைட்டு போட்டிருக்க மாட்டாங்களா? ரேடியோ பாடாதா? வாசல்ல ஒத்த ட்யூப் லைட்டு எரியுது. செவுத்தோரமா சேர போட்டு எல்லாம் வாயத் தொறக்காம ஒக்காந்திருக்காங்க. உள்ள பொம்பள அழுவற சத்தம் கேக்குது. அடுப்பு பத்த வைக்கல, சோறு வெளிலேர்ந்து வருது. வந்தவங்க யாரும் சொல்லிக்காம எந்திரிச்சிப் போறாங்க. இது கூடத் தெரியல, நீ என்னா டீச்சரு?"

"அதுக்குத்தான் தண்ணி ஊத்திக்கறீங்களா?"

"எல்லாரும் கெளம்பிட்டாங்கன்னா எடுத்துட்டாங்கன்னுதான அர்த்தம். தலைக்கு ஊத்திக்காம எப்டி சாப்புடறது?"

ஒரு தப்பும் இல்லை. மகளின் பெயரை மறந்த மனிதர், எந்தப் பந்தலுக்கு எந்த லைட் என்பதை மறக்கவில்லை. வாரம் தவறாமல் நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஒரு சாவு வீட்டை நடத்திக் காட்டியிருக்கிறோம். அவர் அதற்குரிய மரியாதையைச் செய்திருக்கிறார். அவ்வளவுதான். அதற்கு நாங்கள் மாத்திரை கொடுத்தோம்.

அப்பா என் பக்கம் சாய்ந்தார். குரல் இன்னும் இறங்கியது.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். நீ வர்ற, எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க. கண்ணத் தொடச்சிக்கற. அப்பறம் சொல்லாம போயிடற." நிறுத்தி மூச்சு வாங்கினார். "செத்தது நான்தானா?"

இந்தக் கேள்வியை அவர் எத்தனை வாரமாக உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ. செத்தது யார் என்று தெரியாமல், ஒருவேளை தானாக இருக்குமோ என்ற சந்தேகத்தோடு, தன் சாவுக்குத் தானே தலைக்கு ஊற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். வந்தவர்களில் ஒருத்தியாவது வாயைத் திறந்து சொல்லக் கூடாதா என்று பார்த்திருப்பார். நான் திறக்கவில்லை.

"இல்லப்பா. நீங்க நல்லா இருக்கீங்க. யாரும் சாகல."

அவர் நம்பவில்லை. சாவு வீட்டில் அப்படிச் சொல்கிறவர்களும் உண்டு என்பதுபோல் தலையை ஆட்டினார்.

எழுந்து மேடம் அறைக்குப் போனேன். இனிமேல் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவேன் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்கக் கேட்க முகம் ஒரு மாதிரி ஆனது. எங்கள் ஊர்ப் பெண்தானே அவரும், அவருக்கு மட்டும் இது தெரியாதா? ஆனாலும், "நீங்க ஒருத்தர் சொல்ல ஆரம்பிச்சா மத்தவங்களும் அழ ஆரம்பிச்சிடுவாங்க மேடம்" என்றார்.

"அழட்டும்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "பச்சத் தண்ணிய ஊத்திக்கிட்டு சாவறதுக்கு அழறது மேல். ஒரு வாரம் பாப்போம். சரியா வரலன்னா நானே கூட்டிட்டுப் போயிடறேன்." எங்கே கூட்டிக்கொண்டு போவேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

டிஃபன் ஆட்டோ வந்தது. மற்றவர்கள் எழுந்து நழுவ ஆரம்பித்தார்கள். நான் அப்பாவின் எதிரில் போய் நின்று, அவர் காதில் நன்றாக விழும்படி, வகுப்பில் பேசும் குரலில் சொன்னேன்.

"அப்பா, நான் போயிட்டு வரேன்."

கட்டியிருந்த கைகள் பிரிந்தன. என் முகத்தையே பார்த்தார். இப்படி ஒரு வார்த்தையை இந்த இடத்தில் ஒருத்தி சொல்கிறாளே, இவளைக் குட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பது மாதிரி இருந்தது. நான் மறுபடியும் சொன்னேன். அவர் மடியிலிருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "போயிட்டு வா பாப்பா, போயிட்டு வா" என்றார், பந்தலில் எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் எரிந்தால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்போடு. எனக்கு நிம்மதியில் கண் கலங்கியது. தீர்ந்தது என்று நினைத்துவிட்டேன்.

நாலு எட்டு வைத்திருப்பேன். "இரு, இரு. நானும் வரேன்" என்று பின்னாலேயே வந்தார்.

சாவு வீடு இல்லை என்று ஆகிவிட்டது. அப்புறம் அவர் எதற்காக அங்கே இருக்க வேண்டும்? கேட்டுவரை வந்துவிட்டார். அந்தப் பெண் கையைப் பிடித்தாள், உதறினார். நான் திரும்பி நின்றேன். நாளைக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நாளைக்குள் மறந்துவிடுவார். சொல்ல நாக்கு எழவில்லை.

"என்ன எதுக்கு இங்க வுட்டுட்டுப் போற?"

"என்னால வூட்டுல வச்சிப் பாத்துக்க முடியலப்பா."

"நீ எதுக்குப் பாத்துக்கணும்? என் வூடு இருக்குதே செதம்பரத்துல."

"வாடகைக்கு வுட்டிருக்கோம்ப்பா. அந்த வாடகையிலதான் நீங்க இங்க இருக்கீங்க."

அவர் அதை யோசித்தார். உதட்டை அசைத்து யோசித்தார், கடையில் பில் போடுகிறபோது யோசிப்பது போல. பிறகு, "ஒழுங்கா குடுக்கறாங்களா?" என்று கேட்டார்.

"குடுக்கறாங்கப்பா."

"ம்" என்றார். அந்தப் பெண் கேட்டைச் சாத்தினாள். கம்பிகளுக்கு நடுவே அவர் முகம் தெரிந்தது. பஸ் ஏறும்வரை அவர் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து சேருவதற்குள் அந்தப் பெண் போன் செய்துவிட்டாள். சந்தோஷமாகப் பேசினாள். "அக்கா, இன்னிக்குத் தண்ணி ஊத்திக்கலக்கா! கொழாய்க்கிட்டயே போவல. இட்லி சாப்ட்டாரு. ஆனா சேர எடுத்துக்கினு போயி கேட்டாண்ட போட்டு ஒக்காந்துக்கிட்டாரு. உள்ள கூப்ட்டா வர மாட்டேங்கறாரு." பனி இறங்கிய பிறகு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்களாம்.

அதற்கப்புறம் அவர் ஒரு ஞாயிறும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவில்லை. காய்ச்சல் போய்விட்டது. டாக்டரிடம் சண்டை போட்டு அந்த மாத்திரையை நிறுத்தினேன். மேடம், "இருக்கட்டும் மேடம், பரவால்ல" என்று சொல்லிவிட்டார். தனி ஆள் வேண்டாம், கட்டணம் அதேதான். தம்பி, "சூப்பர்க்கா, பெரிய டென்ஷன் போச்சு" என்று மெசேஜ் போட்டான். என் கணவர், கணக்கு டீச்சர் ஒரு வழியாக விடை கண்டுபிடித்துவிட்டாள் என்று ஹவுஸ் ஓனரிடமே சொல்லிச் சிரித்தார். எல்லாருக்கும் நல்லதாகத்தான் முடிந்தது.

ஆனால் நாற்காலி கேட்டருகிலேயே இருக்கிறது. ஞாயிறு மட்டும் இல்லை, எல்லா நாளும் அங்கேதான் உட்கார்கிறாராம். துண்டு தோளில் இருக்கிறது. கை கட்டுவதில்லை. சாவு வீடு என்று அவர் நினைத்திருந்தபோது எல்லாம் முடிந்து, குளித்து, வீட்டுக்குப் போகலாம் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்கும். அதை நான் எடுத்துவிட்டேன். இப்போது யாரும் சாகவில்லை என்று அவருக்குத் தெரியும். யாரும் சாகாமலேயே தன்னை இங்கே விட்டிருக்கிறார்கள் என்பதும் தெரியும். என் பெயர் நினைவில் இல்லாதவருக்கு இது மட்டும் எப்படி வாரக்கணக்கில் தங்குகிறது என்று எனக்கு விளங்கவில்லை. மறந்துவிடுங்களேன் அப்பா என்று பஸ்ஸில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு நான் போனபோது ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு நானும் உட்கார்ந்தேன். வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன், வாங்கிச் சாப்பிட்டார். வடலூர் போகிற பஸ்களையும் கடலூர் போகிற பஸ்களையும் இரண்டு பேரும் பார்த்தோம். டிஃபன் ஆட்டோ உள்ளே வந்ததும் எழுந்தேன்.

"அப்பா, நான் போயிட்டு வரேன்."

அவர் திரும்பவில்லை. காதில் விழவில்லையோ என்று குனிந்து இன்னொரு தடவை சொன்னேன். விழுந்தது; தாடை அசைந்தது எனக்குத் தெரிந்தது. பழைய கோபம்தான், கடையில் கடன் சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாரே, அது. "போயிட்டு வான்னு சொல்லுங்கப்பா" என்றேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலூர் பஸ் வந்தது, நான் கையைக் காட்டவில்லை, போய்விட்டது. இன்னொன்றும் வந்து போனது. அப்பா சொல்லவே இல்லை.